பெட்டியைக் கட்டும் கயிறு

போன மாத ஆசிரியர் பயிற்சி வகுப்பில், பின்வரிசையில் இருந்த உங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ரீச்சர் நிக்கிற நிலையைப் பாரும். பிரசாதம் வாங்க வரிசையிலை நிக்கிற மாதிரி." இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் திரும்பி நின்று சிரித்தேன். உண்மைதான். பிள்ளைகள் விஞ்ஞானப் பெட்டியைத் திறந்து வேலை செய்கிற நேரம் முழுக்க நான் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்து, அதில் ஒரு வெள்ளைக் கயிற்றுத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வகுப்புக்குள் கால் வைத்தால் கைகள் தாமாக அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன.

உங்களில் சிலர் ஏன் என்று கேட்காமலே அப்படி நிற்கப் பழகிவிட்டீர்கள். காரணம் தெரியாமல் நிற்க வேண்டாம். இந்த நிலை ஒரு நாளால் வந்தது. அந்த நாளைச் சொல்கிறேன்.

உங்கள் பெட்டிகள் வடிவானவை. விரல் நகமளவு மோட்டார், நிறம் நிறமாகப் பற்சக்கரங்கள், வெளிச்சத்தைக் கண்டால் விழிக்கும் ஒரு சின்னக் கண். மூடியைத் திறந்தால் புதுப் பிளாஸ்டிக் மணக்கிறது. எங்கள் பெட்டி தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. எத்தனை தடவை கழுவினாலும் திறந்தவுடன் தேயிலை மணக்கும். உள்ளே நூற்கட்டைகள், சைக்கிள் கம்பிகள், மீன் அடைத்து வரும் தகர ரின்களின் மூடிகள், பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ரப்பர் வளையங்கள், ஊசி கழற்றிய சிரிஞ்சுகள். இவற்றைக் கோத்தால் பாரந்தூக்கி வரும், காற்றாடி வரும், துலா வரும். செய்முறை என்று ஒன்றும் இருக்காது. மூடியின் உட்புறத்தில், செய்து முடித்த பொருளின் படம் மட்டும் ஒட்டியிருக்கும். எந்த வழியால் அங்கே போவது என்பது பிள்ளையின் பாடு.

அந்தப் பெட்டிகளைச் செய்தவரைப் பிள்ளைகள் பெட்டியக்கா என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தீவில், கரம்பொன்னில் பிறந்த விஞ்ஞான ஆசிரியை. வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். கடலை யன்னலால் மட்டும் பார்த்து வளர்ந்தவர். நீச்சல் தெரியாது, வலை தெரியாது, ஆனால் தீவுப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் பெட்டியோடு வள்ளம் ஏறுவார். ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் எப்படி அவரிடம் வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், பிறகு வருவதற்கு அது தேவை. அப்பாவின் கடை தெற்கே ஒரு மலைநாட்டுப் பட்டினத்தில் இருந்தது. கீழே கடை, மேலே நாங்கள். மேலே தமிழ், படிக்கட்டால் இறங்கினால் சிங்களம். அந்த மொழியில்தான் நான் முதன்முதலில் சண்டை பிடித்தேன், முதன்முதலில் கடனுக்கு மிட்டாய் வாங்கினேன். எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரத்தில் கடையும் போனது, மேல்வீடும் போனது, நடுவில் இருந்த படிக்கட்டும் போனது. கப்பலில் வடக்கே வந்து, அப்பா பிறந்த வேலணையில் உறவுக்காரர் வீட்டில் இறங்கினோம். அதன் பிறகு நான் சிங்களத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. நாக்கு தானே அந்தக் கதவைச் சாத்திக்கொண்டது. எனக்கு அது தெரியும் என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது.

வேலை தேடித் திரிந்த காலத்தில் பெட்டியக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். சாட்டிக் கடற்கரைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முதல் வகுப்பு. ஒரு பெடியன் பாரந்தூக்கியின் நூலைக் கட்டைக்கு மேலால் விடாமல் கீழால் விட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் பொறுக்கவில்லை. குனிந்து, எடுத்து, சரியாகக் கோத்துக் கொடுத்தேன். பாரந்தூக்கி தூக்கியது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தான். வகுப்பு முடியும்வரை அவன் அதைத் தொடவில்லை.

வாசலில் வைத்து அக்கா கேட்டார்.

"உமக்குக் கை கடிக்குதோ? சும்மா வைச்சிருக்க ஏலாதோ?"

"பிழையாய் விட்டவன், அக்கா."

"ஓம். அது அவன்ரை பிழை. நீர் ஏன் அதைப் பறிச்சனீர்?"

அக்கா பெட்டிப் பக்கம் திரும்பினார். பெட்டியைக் கட்டுகிற சணல் கயிற்றை எடுத்து என் கைகளுக்குள் திணித்தார். "இதைப் பிடியும். முதுகுக்குப் பின்னாலை பிடியும். பெட்டி கட்டுவம் எண்டு நான் சொல்லுமட்டும் கை முன்னுக்கு வரக்கூடாது."

இப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. பிள்ளைகள் மூடியைத் திறந்ததும் நாங்கள் இருவரும் கயிறும் கையுமாக முதுகுக்குப் பின்னால் போய்விடுவோம். நேரம் முடிகையில் ஒருவர் "பெட்டி கட்டுவம்" என்போம். உடனே கட்ட மாட்டோம். கைகளை ஆறுதலாக முன்னால் கொண்டுவந்து, கயிற்றை இரண்டு கைக்கும் நடுவில் இழுத்துப் பிடித்துக் காட்டுவோம். கடைசி ரப்பர் வளையம் உள்ளே போகும்வரை அப்படியே நிற்போம். அந்தச் சொல்லுக்கும் அந்த அசைவுக்கும் உடம்பு அப்படிப் பழகிவிட்டது. அக்காவுக்கு என்னைவிடக் கூடப் பழகிவிட்டது. அவருடைய வீட்டுக் குசினியில் மருமகளின் குழந்தை தானாகச் சோறு அள்ளிச் சாப்பிடப் பழகிய நாளில், அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

பெட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை இருந்தது. வெளிச்சவீட்டுப் பெட்டி. ரின்களை அடுக்கிக் கோபுரம் கட்டி, உச்சியில் ஒரு கை ரோச் விளக்கின் மின்குமிழை வைத்து, இரண்டு வயர்களை இறக்கி, அடியில் பற்றறியோடு சேர்த்து எரிய வைக்க வேண்டும். எரிக்கவும் அணைக்கவும் ஒரு தகர ஆளி. குமிழும் வயரும் கிடைப்பது கடினமான காலம். அப்படி ஒரு பெட்டிதான் எங்களிடம் இருந்தது.

நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பெட்டியைக் கொண்டுவருகிறேன் என்று அக்கா அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். போரால் கடலில் கடற்படையின் சோதனை கடுமையாகியிருந்த நாட்கள். வயர் என்றால் குண்டோ என்று சந்தேகம், பற்றறி என்றால் அதைவிடச் சந்தேகம். என் அம்மா நேரே அக்காவிடம் கேட்டார். "உதுகளையும் கொண்டு கடலாலை போறியளோ? உங்களுக்கென்ன விசரோ? பற்றறியை எண்டாலும் விட்டிட்டுப் போங்கோவன்."

"பற்றறி இல்லாட்டி அது வெளிச்சவீடில்லை, அம்மா. வெறும் ரின்."

குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி எங்கள் இருவரின் முழங்காலிலும் பாதிப் பாதியாக இருந்தது. அந்தக் கடல் நடுவில் ஒரு இடத்தில் நிறம் மாறும். அந்த இடத்தில் வள்ளம் ஒரு தடவை மூச்சை இழுப்பது போல் எழுந்து விழும். எனக்கு அந்த இடம் பிடிக்கும். இன்றும் எழுத உட்கார்ந்தால், முதல் வரிக்கு முன் அந்த எழுச்சிக்காகத்தான் காத்திருக்கிறேன்.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஓலைக் கூரை போட்ட ஒரு காவல் கொட்டில். கடற்படைச் சீருடை போட்ட இருவர். ஒருவன் மர வாங்கில் இருந்தபடி பொதிகளைப் பிரித்துப் பார்ப்பவன். மற்றவன் குண்டு போட்ட துவக்கோடு நிற்பவன். இருவருக்கும் மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. பெட்டியின் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினான் வாங்கில் இருந்தவன். அக்கா அவிழ்த்தார். கயிறு அவர் கையில் இருந்தது.

நூற்கட்டைகளை அவன் ஒரு பக்கம் ஒதுக்கினான். ரின் மூடிகளைத் தட்டிப் பார்த்தான். பிறகு அவன் விரல்கள் வயரைத் தொட்டன, அடியில் பற்றறிகளைத் தொட்டன, தகர ஆளியைத் தொட்டன. முகம் மாறியது. எங்களோடு வந்தவர்களைப் போகச் சொல்லிக் கை காட்டினான். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நாங்கள் இருவரும் பெட்டியும் மிஞ்சினோம்.

"ஸ்கூல், ஸ்கூல்," என்றார் அக்கா. அவன் சிங்களத்தில் கேட்டான், இது என்ன, எதற்கு, யார் தந்தது என்று. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்பான். ஏன் விட்டு வந்தாய் என்று கேட்பான். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியாது.

அப்போது மூடி முழுதாக விரிந்து, உட்புறத்தில் ஒட்டியிருந்த படம் வெளியே வந்தது. கோபுரம், உச்சியில் விளக்கு, கீழே கோடு கோடாகக் கடல். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கடலில் வேலை பார்ப்பவனுக்கு வெளிச்சவீட்டை அடையாளம் தெரியாமல் இருக்குமா. ஒரு ரின்னை எடுத்து வாங்கில் வைத்தான். அதன் மேல் இன்னொன்று. சோதிப்பதற்காகச் செய்தானா, கை சும்மா இருக்கவில்லையா, எனக்குத் தெரியாது. குமிழை உச்சியில் செருகினான். இரண்டு வயர்களையும் இறக்கினான். இரண்டையும் பற்றறியின் ஒரே முனையில் வைத்து அழுத்தினான்.

எல்லாப் பிள்ளைகளும் விடுகிற முதல் பிழை அது. நீங்களும் நூறு தடவை கண்டிருப்பீர்கள்.

ஒருவர் பெட்டியைத் திறந்து, கட்டத் தொடங்கி, பிழை விடுகிறார். அக்காவின் உடம்புக்கு அதற்குமேல் யோசனை தேவைப்படவில்லை. இரண்டு கைகளும் கயிற்றோடு முதுகுக்குப் பின்னால் போயின.

துவக்கு எழுந்தது.

நின்றவன் கத்தினான். கையை வெளியே எடு, என்ன வைத்திருக்கிறாய், கையை எடு. சிங்களத்தில். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சத்தம் கேட்டுப் பயந்து கைகளைப் பின்னால் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடி என்று நாங்கள் பயிற்சிகளில் பெரிதாகச் சொல்லுகிறோமே, அது வரும்போது நேரம் தருவதில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்தெடுக்க விடுகிறது. "அக்கா, கையை எடுங்கோ" என்று நான் தமிழில் கத்தியிருக்கலாம். அவர் திடுக்கிட்டுக் கையை வீசி எடுத்திருப்பார். அந்த வீச்சை அந்தத் துவக்கு பொறுத்திருக்காது. அது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

முதலில் நின்றவனிடம் பேசினேன். சிங்களத்தில். சத்தமில்லாமல். "தம்பி, பொறு. அவ கையில் இருப்பது பெட்டிக் கயிறு. இப்போது ஆறுதலாக முன்னால் கொண்டுவருவா. பார்."

சாத்திக் கிடந்த கதவு திறந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, வகுப்பு முடிகிற குரலில், ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறதைச் சொன்னேன்.

"அக்கா, பெட்டி கட்டுவம்."

அவருடைய முகம் வேறெங்கோ இருந்தது. ஆனால் கைகளுக்கு அந்தச் சொல் தெரியும். ஆறுதலாக, கடைசி ரப்பர் வளையத்துக்குக் காத்திருக்கிற அதே ஆறுதலோடு, அவை முதுகைச் சுற்றி முன்னால் வந்தன. கயிறு இரண்டு கைக்கும் நடுவில் இழுபட்டு நின்றது. சணல் கயிறு, வேறொன்றுமில்லை. துவக்கு கொஞ்சம் தாழ்ந்தது. முழுதாக அல்ல.

வாங்கில் இருந்தவன் என்னைப் பார்த்தான். "ஏன் அவ கையை ஒளித்தா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. "பிள்ளைகள் இதைக் கட்டும்போது ஆசிரியர்கள் கை வைக்கக்கூடாது. அதனால் பின்னால் பிடிப்பது பழக்கம். உங்களைப் பிள்ளை என்று அவவின் கை நினைத்துவிட்டது."

நின்றவன் இருந்தவனைப் பார்த்தான். இருந்தவன் தன் கையில் இருந்த வயர்களைப் பார்த்தான்.

"அப்படியென்றால் நான் பிழையாகச் செய்கிறேனா?"

அக்காவிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் கயிற்றை இன்னும் இழுத்துப் பிடித்திருந்தார். பிடித்தபடியே சொன்னார். "ஓம், பிழை. ஆனா எங்கை எண்டு சொல்லிப்போடாதையும். அவரே பிடிக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "அக்கா, இது பள்ளிக்கூடமில்லை."

"பெட்டி திறந்திருக்குது. பள்ளிக்கூடந்தான்."

நான் அவனிடம் திரும்பினேன். "இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்கிறா."

பார்த்தான். பற்றறியைப் புரட்டினான். ஒரு வயரை எடுத்தான், வைத்தான், எடுத்தான். பிறகு ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்தான். நண்பகல் வெளிச்சத்தில் குமிழ் எரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் குமிழுக்கு மேல் கூடாரமாகப் பிடித்தான். உள்ளே ஒரு மஞ்சள் புள்ளி. நின்றவன் குனிந்து பார்த்தான். குனிந்ததில் துவக்கின் வாய் மணலைப் பார்த்தது.

அவர்கள் நல்லவர்கள் என்று காட்ட இதை எழுதவில்லை. ஒரு கணம் பிந்தியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டவுடன் அவன் பழைய முகத்துக்குப் போனான். பெட்டி இங்கே இருக்கும். நீங்கள் போகலாம். பின்னேர வள்ளத்துக்கு வரும்போது பார்ப்போம் என்றான்.

கல்வேலிகளுக்கு நடுவில் வெறுங்கையோடு நடந்தோம். கயிறு மட்டும் அக்காவிடம் இருந்தது. கனதூரம் அவர் அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக வந்தார்.

"நீர் சிங்களம் கதைப்பீரெண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"ஓம், கேக்கேல்லை." இன்னும் கொஞ்சம் நடந்தார். "வடிவாய்க் கதைச்சனீர்."

நான் வேலியில் அடுக்கியிருந்த, கடலில் எடுத்த முருகைக்கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாந்து இல்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கண்ணுக்குள் உப்புக் காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாசலிலேயே கேட்டார்கள். "பெட்டி எங்கை, ரீச்சர்?" அக்கா கயிற்றைக் காட்டினார். எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து அந்தக் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க வைத்தார். ஒரு பெடியன் பற்றறி, ஒரு பெட்டை குமிழ். கயிற்றை எல்லோரும் பிடித்திருந்தால் குமிழ் கண்ணைத் திறக்க வேண்டும். ஒருவர் கையை விட்டாலும் கண்ணை மூட வேண்டும். சிரித்துச் சிரித்துக் கையை விட்டார்கள், பிடித்தார்கள். குமிழாக நின்றவளுக்குக் கண் நொந்துபோனது. பெட்டி இல்லாமல் வகுப்பு நடக்காது என்று உங்களில் யாரும் என்னிடம் சொன்னால் நான் நம்பாததற்குக் காரணம் அந்த வட்டம்.

பின்னேரம் திரும்பி வந்தபோது வாங்கில் வேறு இருவர் இருந்தார்கள். பெட்டி ஓரமாக இருந்தது. எங்கள் கயிறு எங்களிடம் இருந்ததால் முதலில் வாங்கில் இருந்தவன் வேறு ஒரு வெள்ளைக் கயிற்றால் அதைக் கட்டியிருந்தான். முடிச்சு விசித்திரமாக இருந்தது. வள்ளத்தில் அக்கா அன்று கண்ணை மூடவில்லை. அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

"வள்ளக்காரரிட்டைச் சொல்லி அவிழ்ப்பமோ, அக்கா?"

"வேண்டாம். உள்ளுக்கை ஒண்டும் இல்லையெண்டால் இந்தக் கடல் நடுவிலை எனக்கு அதைப் பாக்க ஏலாது."

மறுநாள் பெட்டி கட்டியபடியே கரம்பொன் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வகுப்பில் அக்கா முடிச்சோடு சண்டை பிடித்தார், நான் பிடித்தேன். கத்தியை எடுக்கப் போனபோது முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து வந்தாள். கடற்றொழில் வீட்டுப் பிள்ளை. ஒரு நுனியைத் தள்ளி மறு நுனியை இழுத்தாள். முடிச்சு விழுந்தது.

"இது எங்கடை அப்பா வள்ளம் கட்டுறது, ரீச்சர். உங்களுக்கு இதும் தெரியாதோ?"

மூடி திறந்தது. தேயிலை மணம். நூற்கட்டை, கம்பி, மூடி எல்லாம் இருந்தன. பற்றறிகள் இல்லை. ஆனால் வெளிச்சவீடு குலையாமல் நின்றது. பற்றறி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே ஒரு வயர், கீழே ஒரு வயர், இரண்டும் சரியாக வளைத்து விடப்பட்டு, வராத பற்றறிக்குக் காத்துக்கொண்டிருந்தன.

நான் கண்ணைத் துடைத்தேன். அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய்த் தகப்பனின் ரோச்சில் இருந்து ஒரு பற்றறியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இடத்தில் வைத்தாள். உடனே எரிந்தது. வகுப்பு கைதட்டியது. நான் அக்காவைப் பார்த்தேன். அவருடைய கண்ணும் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா எரிச்சலோடு நின்றார்.

"ஆரோ பிள்ளையின்ரை வேலையைச் செய்து வைச்சிட்டான்," என்றார். இரண்டு வயர்களையும் கழற்றிப் போட்டார். ரின்களையும் சரித்தார். "பிள்ளை, முதலிலை இருந்து நீ கட்டு."

பிறகு கீழே கிடந்த அந்த வெள்ளைக் கயிற்றை எடுத்தார். கை வழக்கம்போலப் பின்னால் போகப் புறப்பட்டு, பாதியில் நின்றது. ஒரு கணம் யோசித்தார். ஆறுதலாக முன்னால் கொண்டுவந்து, வயிற்றோடு சேர்த்து, எல்லோருக்கும் தெரியப் பிடித்தார். மறு நுனியை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து எங்கள் கைகள் அங்கேதான். போன மாதம் நீங்கள் பார்த்துச் சிரித்த துண்டு அந்தக் கயிற்றில் ஒரு பாதி. மறு பாதியை அக்கா வைத்திருந்தார்.

அந்தப் பிள்ளை ரின்களை அடுக்கினாள். குமிழைச் செருகினாள். இரண்டு வயர்களையும் இறக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பற்றறியின் ஒரே முனையில் வைத்து அழுத்தினாள்.

குமிழ் எரியவில்லை. என் கை கடித்தது. அக்காவுக்கும் கடித்திருக்க வேண்டும், கயிறு எங்கள் இருவருக்கும் நடுவில் மெல்ல இறுகியது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.